குடற் புற்றுநோயின் பரவலும் சிகிச்சையும்

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளுக்கும் துறைமுகத்திற்கும் மீஞ்சூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து பலர் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று கருதி, மோரும் கருணைக்கிழங்கும் உண்டு மாதக்கணக்கில் காலங்கடத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடற் புற்றுநோயும் இவ்வாறே தோன்றும். பரிசோதனையன்றி இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயலாது.

நோய் பரவும் வழி

குடலிலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் கல்லீரலைச் சென்றடைகிறது. வாய்க்காலில் மிதந்து வரும் களைவிதை தலைமடை வயலில் தங்கி முளைப்பது போல, இந்நோயும் பெரும்பாலும் கல்லீரலிலேயே முதலிற் பரவுகிறது, அடுத்து நுரையீரல். மலக்குடலின் கீழ்ப்பகுதி நோய் கல்லீரலை விடுத்து நேரே நுரையீரலுக்குச் செல்வதும் உண்டு. அரிதாக எலும்பு, மூளை, தோல், தொப்புள் ஆகிய இடங்களிலும் பரவும். அப்பொழுது முதுகுவலி என்றும் சாதாரணக் கட்டி என்றும் மயங்க நேரிடுகிறது. எங்குப் பரவினும் அது குடற் புற்றுநோயே; அதற்குரிய மருந்துகளே அளிக்கப்படும்.

சிகிச்சை

நோய் குடலளவில் நின்றிருப்பின், அப்பகுதியையும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அறுவைச் சிகிச்சையால் அகற்றிக் குணப்படுத்த இயலும். மலக்குடல் நோயாயின் கதிர்வீச்சும் தேவைப்படலாம். கல்லீரலில் சில இடங்களில் மட்டும் பரவியிருப்பின் அப்பகுதியையும் வெட்டி அகற்றலாம். எஞ்சிய கல்லீரல் மீண்டும் வளரும் தன்மையுடையது. ஆகவே, பரவிவிட்டது என்ற சொல் கேட்டவுடன் நம்பிக்கையிழந்து வீடு திரும்புதல் தவறு. மிகுதியாகப் பரவிய நிலையிலும் மருந்துகள் வாழ்நாளை நீட்டிக்கும். வலி தணிக்கும் சிகிச்சையும் உண்டு. சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் வழி அமைத்துப் பை பொருத்துவர். அதற்கு அஞ்சிச் சிகிச்சையை மறுத்தலாகாது. பையுடன் உழைத்து வாழ்வோர் பலர்.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கவை

1. மலத்தில் இரத்தம், மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமற்ற இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியவற்றைக் கிராமசபையில் எடுத்துரைத்தல். குடும்பத்தில் இந்நோய் கண்டோர் குறி தோன்றுமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

2. குறியுள்ளோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும், அங்கிருந்து அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கும் அனுப்புதல். 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையமும் நமக்குத் துணையாக உள்ளது.

3. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் கிடைத்துள்ளதா என்று பார்த்தல்.

4. புகையிலையையும் மதுவையும் விலக்கவும், கீரையும் காய்கறிகளும் தவிடு நீக்காத தானியங்களும் மிகுதியாக உண்ணவும் ஊக்குவித்தல்.

நிலத்தில் களையைக் கண்ட அன்றே பிடுங்கும் உழவர் பெருமக்கள், தம் உடலிற் காணும் குறிக்கும் அதே விரைவைக் காட்டுவார்களாக.