கனவில் கேட்ட இசை

நாம் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறோம். அந்த உறக்கத்தின் ஒரு பகுதியைக் கனவு ஆள்கிறது. கனவைப் பற்றிச் சிந்திக்காத மொழியோ இலக்கியமோ இல்லை. வள்ளுவர் ‘கனவுநிலை உரைத்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். இளங்கோவடிகள் கண்ணகியின் கனவைக் கூறத் தனியொரு காதை அமைத்தார். ஆனால், கனவில் மனிதன் புதிதாக ஒன்றைப் படைக்க முடியுமா? குறிப்பாக, இசையைப் படைக்க முடியுமா? உளவியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், ஆறு ஆண்டுகளாக வயலின் கற்று வருபவன் என்ற முறையிலும் என்னை விடாது தொடர்ந்த வினா இது. படித்தறிந்ததையும் பட்டறிந்ததையும் இங்கே தருகிறேன்.

தார்த்தீனியின் கனவு

இத்தாலிய வயலின் மேதை ஜுசெப்பே தார்த்தீனி (1692–1770) 1713-இல் ஒரு கனவு கண்டதாகக் கூறினார். கனவில் தம் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்றுவிட்டார். சாத்தானும் அவர் விரும்பியதையெல்லாம் செய்து வந்தது. ‘இதற்கு வாசிக்கத் தெரியுமா, பார்ப்போம்’ என்று தம் வயலினை அதன் கையில் கொடுத்தார். அது வாசித்த இசையின் அழகில் மூச்சே நின்றுவிட்டது போலாகி விழித்துக்கொண்டார். உடனே வயலினை எடுத்துக் கேட்டதை மீட்க முயன்றார், இயலவில்லை. அந்த முயற்சியில் பிறந்ததே ‘சாத்தானின் டிரில்’ எனப் பெயர் பெற்ற சொனாட்டா. அதுவே தம் படைப்புகளில் சிறந்தது என்றும், ஆயினும் கனவில் கேட்டதற்கு அது ஈடாகாது என்றும் அவர் பிரெஞ்சு வானியல் அறிஞர் லலாந்திடம் வருந்தினார். அதன் நடையைக் கொண்டு, அது 1713-க்குப் பல ஆண்டுகள் பின்னரே இயற்றப்பட்டிருக்கும் எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

நம் காலத்துக்கு அருகில் வருவோம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, லண்டன் விம்போல் தெருவில் தங்கியிருந்தபோது ஒரு நாள் காலை ஒரு மெட்டு மனத்தில் ஒலிக்க விழித்தார். கட்டிலருகே இருந்த பியானோவில் அதை வாசித்துப் பார்த்தார். ஆனால், அவருக்கு ஓர் ஐயம்: இது எங்கோ கேட்ட பழைய மெட்டோ? கண்டவரிடமெல்லாம் வாசித்துக் காட்டி, “இதைக் கேட்டிருக்கிறீர்களா?” என்று பல நாள் விசாரித்தார். சொற்கள் அமையும் வரை முட்டைப் பொரியலைப் பற்றிய வேடிக்கை வரிகளை இட்டுப் பாடினார். அதுவே 1965-இல் வெளிவந்த ‘எஸ்டர்டே’.

தெளிகனவு என்பது யாது?

மேற்கண்ட இருவரும் கனவு தந்ததைப் பெற்றுக்கொண்டவர்கள். கனவுக்குள் நின்று அதை நடத்தியவர்கள் அல்லர். கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று உணரும் நிலை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் லூசிட் டிரீம் எனப்படும் இதை நான் ‘தெளிகனவு’ என்று குறிக்கிறேன். டச்சு மனநல மருத்துவர் வான் ஈடன் 1913-இல் எழுதிய கட்டுரையால் ஆங்கிலப் பெயர் பரவியது.

அவருக்கும் முன்னரே, 1867-இல், பிரெஞ்சு அறிஞர் எர்வே த சேந்தெனி கனவை நெறிப்படுத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் செய்த சோதனை சுவையானது. நடன விருந்துகளில் இரு பெண்மணிகளுடன் ஆடும்போது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வால்ட்ஸ் மெட்டை வாசிக்குமாறு இசைக்குழுத் தலைவரிடம் ஏற்பாடு செய்தார். பின்னர் அம்மெட்டுகளை இசைப்பெட்டியில் அமைத்து, தாம் உறங்கும்போது ஒலிக்கச் செய்தார். எந்த மெட்டு ஒலித்ததோ, அதற்குரிய பெண்மணியே கனவில் வந்தார்!

ஆயினும் அறிவியலார் நெடுங்காலம் தெளிகனவை நம்பவில்லை. கனவு மிகுதியாக நிகழும் ‘விரைவுக் கண்ணசைவு உறக்கம்’ 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோரால் விளக்கப்பட்டது. அவ்வுறக்கத்தில் உடல் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மட்டும் அசையும். இதையே வழியாகக் கொண்டு, 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் சோதனை நடத்தினார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் உறக்கத்திலிருந்தே, முன்பே பேசி வைத்தபடி, கண்களை இடவலமாக அசைத்துச் செய்தி அனுப்பினார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியே இதை மெய்ப்பித்தார். 2021-இல் வெளியான ஆய்வில், உறங்குவோரிடம் எளிய கணக்குகளைக் கேட்டுக் கண்ணசைவால் விடை பெற்றனர்.

என் முயற்சி

எனக்கு ஒரு குறை இருந்தது. கற்ற கீர்த்தனையைப் பிழையின்றி வாசிப்பேன். கற்பனை ஸ்வரம் என்றால் கை நடுங்கும். எடுப்பு தவறிவிடுமோ, பிறர் நகைப்பரோ என்ற அச்சம். “மனப்பாடம் நன்றாக இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய்?” என்று என் ஆசிரியர் ஒருநாள் கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. அதன் பின்னரே இம்முயற்சியில் இறங்கினேன்.

முறை எளியது. விழித்ததும் அசையாமல் கிடந்து, கனவை நினைவுகூர்ந்து, குறிப்பேட்டில் எழுதவேண்டும். பகலில் அவ்வப்போது ஏதேனும் எழுத்தை இருமுறை படித்து, ‘இது கனவா?’ என்று வினவவேண்டும். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். படுக்கும்போது, ‘கனவு வந்தால் கனவென்று அறிவேன்’ என உறுதி கொள்ளவேண்டும். விடியற்காலை உறக்கத்தில் கனவு மிகுதி; அந்நேரமே ஏற்றது.

இரண்டு மாதம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒரு கனவில் நம் கல்லூரி அரங்க வாயிலில் நிற்கிறேன். அழைப்பிதழை இரண்டாம் முறை படித்தபோது எழுத்துகள் மாறியிருந்தன. ‘இது கனவு’ என்று தெரிந்த மகிழ்ச்சியிலேயே விழித்துவிட்டேன்! அடுத்த முறை பதறவில்லை. வயலினைத் தேடி எடுத்து மோகனம் வாசித்தேன். அச்சம் சிறிதும் இல்லை. தவறினால்தான் என்ன, கனவுதானே! ஸ்வரங்கள் அருவியாய்க் கொட்டின. விழித்ததும் கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிவு செய்தேன்.

காலையில் கேட்டேன். அந்தோ! பாதி, ஆசிரியர் கற்பித்த வர்ணத்தின் வரிகள். மீதியில் தாளமே இல்லை. தார்த்தீனியின் வருத்தம் அன்று எனக்குப் புரிந்தது. ஆனால், ஓரிடத்தில் காந்தாரத்திலிருந்து நேரே தைவதத்துக்குத் தாவி நின்றிருந்தேன். நனவில் ஒருபோதும் துணியாத தாவல் அது. அடுத்த வகுப்பில் அதை வாசித்தேன்.

ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “இது எங்கிருந்து வந்தது, தம்பி?”

“கனவில் வந்தது ஐயா.”

“கனவில் வந்ததோ, நனவில் வந்ததோ, இன்றைக்கு நூறு தடவை வாசி. அப்புறம்தான் அது உன்னுடையது.”

முடிவுரை

இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, இசைக்கலைஞர்கள் மற்றவரைவிட இரு மடங்குக்கு மேல் இசைக் கனவு காண்கின்றனர். இளமையிலேயே இசை பயிலத் தொடங்கியவர்க்கு அது மிகுதி. ஆகவே, கனவு வெறுங்கையர்க்கு வாரி வழங்கும் வள்ளல் அன்று. பகலில் இட்ட விதையையே அது இரவில் முளைக்க வைக்கிறது. எனக்கு அது தந்தது மெட்டு அன்று, துணிவு. தவறினாலும் உலகம் கவிழ்ந்துவிடாது என்ற பாடம்.

நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டா, தேர்வுக் காலத்தில் அறவே வேண்டா. ஆனால், தலையணை அருகே ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருக்கட்டும். இவ்வாண்டு கல்லூரி விழாவில் நான் முதன்முறையாகக் கற்பனை ஸ்வரம் வாசித்தேன். ஓரிடத்தில் எடுப்பு தவறியது. நான் நிறுத்தவில்லை.