குழுவின் இமெயில் சாவி யார் கையில்?



"உங்க குழுவுக்கு இமெயில் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கே" என்று உடனே பதில் வருகிறது. "அதில் யார் போன் நம்பர் கொடுத்திருக்கு?" என்றால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். பிரவுசிங் சென்டர் தம்பி அவசரத்துக்குத் தன் நம்பரையே போட்டிருப்பார். இல்லையென்றால் முன்பு ஊக்குநராக இருந்த அக்காவின் பழைய நம்பராக இருக்கும்.

இதில் என்ன இருக்கு என்று நினைக்காதீங்க. சாக்லேட், வர்க்கி, மசாலா டீத்தூள் போடும் குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது இமெயில் கொடுக்கிறோம். சான்றிதழும் தகவலும் அதில்தான் வரும். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால், கணக்கில் உள்ள மீட்பு எண்ணுக்கு ஒரு கோடு போகும். அந்த எண் யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் கணக்கைத் திறந்துவிடலாம். நாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

நம்ம மலையில் டவர் கிடைக்கலைன்னு சிம் மாத்துவது சகஜம். ரீசார்ஜ் போடாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழிந்தபின் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் நம்ம குழுவின் கோடு முன்பின் தெரியாதவர் போனுக்குப் போகும்.

எனவே முதல் வேலை இதுதான். ஜிமெயிலில் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, கூகுள் கணக்குக்குள் "பாதுகாப்பு" பகுதிக்குப் போங்க. மீட்பு எண்ணாக இப்போதைய ஊக்குநரின் எண்ணையும், மீட்பு இமெயிலாகப் பிரதிநிதி ஒருவரின் முகவரியையும் போடுங்க. எண்ணை மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய எண்ணுக்குக் கோடு போக வாய்ப்புண்டு. அதனால் பொறுப்பாளர்கள் மாறும் கூட்டத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. மாற்றியதைத் தீர்மான நோட்டில் எழுதலாம். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம்! அந்த நோட்டு பேங்குக்கும் போகும், ஆபீஸுக்கும் போகும்.

பாஸ்வேர்டாகக் குழுவின் பெயரையும் தொடங்கிய வருஷத்தையும் வைப்பவர்கள் அதிகம். அது பெயர்ப்பலகையிலேயே இருக்கே, அப்புறம் என்ன ரகசியம்? சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து வைங்க. வேறு எதற்கும் அதையே வைக்காதீங்க. 2013-ல் யாஹூ நிறுவனத்தில் நடந்த திருட்டில் 300 கோடி கணக்குகளின் விவரம் போயிற்று. ஒரு இடத்தில் போன பாஸ்வேர்டைத் திருடர்கள் மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்து, அதே பகுதியில் "இருபடிச் சரிபார்ப்பு" இருக்கும். அதை ஆன் செய்தால் பாஸ்வேர்டு தெரிந்தவரும் கோடு இல்லாமல் உள்ளே வர முடியாது. "எஸ்டேட்டில் டவரே இல்லை, எஸ்.எம்.எஸ். எப்படி வரும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. இதை ஆன் செய்தபின் கூகுள் 8 இலக்கத்தில் 10 மாற்றுக் கோடுகள் தரும். ஒரு தாளில் எழுதிக் குழுவின் பணப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்க. ஒரு கோடு ஒரு முறைதான் செல்லும். பத்தும் தீர்ந்தால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு டவரும் வேண்டாம், காசும் வேண்டாம்.

வெளிக் கம்ப்யூட்டரில் திறந்தால் வெளியேறிவிட்டு எழுந்திருங்க. மறந்துவிட்டால் "உங்கள் சாதனங்கள்" பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு, வீட்டிலிருந்தே வெளியேற்றலாம். "பேங்கில் இருந்து பேசறோம், கோடு சொல்லுங்க" என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் சொல்லாதீங்க. ஏமாந்து பணம் போயிருந்தால் கூச்சப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்க. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க முடியும்.

இன்னொன்று. இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கிவருகிறது. மாதக் கூட்டத்தன்று சேமிப்பு எழுதி முடித்ததும், இமெயிலையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்க.