லாவெண்டருக்குக் கைராசி தேவையில்லை

"வாங்கி வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் காய்ந்துவிட்டது. லாவெண்டருக்கும் எனக்கும் ராசியில்லை." மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. லாவெண்டரைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் முதலில் களைய வேண்டியதும் இதுதான். மல்லிகையும் கத்தரியும் செழிக்கிற கையில் ராசி இல்லாமல் போகாது. மல்லிகைக்கும் கத்தரிக்கும் செய்கிற பணிவிடைகளையே லாவெண்டருக்கும் செய்கிறோம். அந்தப் பணிவிடைகள்தான் அதைக் கொல்கின்றன.

பொதுவாக லாவெண்டர் என்று நாம் சொல்வது லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற இனத்தை. தெற்கு பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் மலைச்சரிவுகள் அதன் பிறந்த மண். சுண்ணாம்புப் பாறை உடைந்து கிடக்கும் சல்லி நிலம். பெய்த மழை நிற்காமல் வடிந்துவிடும். கோடையில் வெயில் கொளுத்தினாலும் காற்றில் ஈரம் குறைவு, இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும். குளிர்காலத்தில் செடி உறங்கிக் கிடக்கும். அங்கே வெப்பம் வரும் காலத்தில் ஈரம் இருக்காது, ஈரம் வரும் காலத்தில் வெப்பம் இருக்காது. நம் ஊரில் இரண்டும் கைகோத்து வருகின்றன. கீழே வரும் ஒவ்வொரு நம்பிக்கையையும் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே தவறுகிறோம் என்பது தானாக விளங்கும்.

"இலை வாடினால் தண்ணீர் கேட்கிறது என்று பொருள்." அதிகமான லாவெண்டர் செடிகளைச் சாகடித்த நம்பிக்கை இதுவாகத்தான் இருக்க வேண்டும். வேரில் நீர் தேங்கினால் காற்று போக வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. அந்த ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் ஃபைட்டோப்தோரா போன்ற வேரழுகல் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தொட்டி நிறைய ஈரம் இருந்தும் மேலே இலை வாடுகிறது, சாம்பல் நிறமாகித் தொங்குகிறது. தாகத்தில் வாடும் செடியும் இப்படியேதான் தோன்றும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம், கதை முடிகிறது. இலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் தட்டினால் செடி எவ்வளவு வாடியிருந்தாலும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சந்தேகம் தீரவில்லை என்றால் மண்ணோடு மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்: வெளிர் நிறமாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும்; பழுப்பேறிக் கூழாக இருந்தால் அழுகிவிட்டது.

இதனோடு பிறந்த இன்னொரு நம்பிக்கை, "மாடித்தோட்டத்துக்குக் கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்த கலவைதான் சிறந்தது" என்பது. கீரைக்கும் தக்காளிக்கும் சிறந்ததுதான். கோகோபீட்டின் பெருமையே நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது, லாவெண்டருக்கு ஆகாததும் அதுதான். இதற்கு வேண்டியது நீரை ஓடவிடும் மண்: செம்மண் ஒரு பங்கு, தூசி போகக் கழுவிய பருமணல் ஒரு பங்கு, பெர்லைட்டோ உடைத்த செங்கல் துண்டோ ஒரு பங்கு, பெயருக்குக் கொஞ்சம் மக்கிய தொழு உரம். பிளாஸ்டிக் பையைவிட, பக்கச்சுவர் வழியே ஈரத்தை வெளியேற்றும் மண்தொட்டி நல்லது. நர்சரியில் வாங்கும் நாற்று பெரும்பாலும் கோகோபீட் உருண்டையில்தான் வரும். அந்த உருண்டையைப் பிரிக்காமல் அப்படியே நட்டால், சுற்றியுள்ள மண் எத்தனை நல்லதாக இருந்தாலும் நடுவேர் ஈரப் பஞ்சுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். நடும்போது அதை மெல்ல உதிர்த்துவிட வேண்டும்.

"தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் வடிகால் நன்றாக இருக்கும்." நம் வீடுகளில் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை, ஆனால் விளைவு நேர்மாறானது. பொடியான மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகே கீழே சொட்டத் தொடங்கும். ஆகவே எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் ஊறிய மண் ஓர் அடுக்காக நிற்கும். அடியில் ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு மறைவதில்லை, ஜல்லியின் உயரத்துக்கு மேலேறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. மண்ணையே கரடுமுரடாக்குவதும், தொட்டியின் துளை அடைபடாமல் பார்ப்பதும், தொட்டிக்கடியில் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துவதும்தான் உண்மையான வடிகால். ஜல்லியைப் போடத்தான் வேண்டும் என்றால் மேற்பரப்பில் போடுங்கள். மண்ணிலிருந்து எழும் ஈரம் கீழிலைகளைத் தொடாமல் அது காக்கும்.

"வறட்சியைத் தாங்கும் செடி, தண்ணீரே வேண்டாம்" என்பவர்களும் உண்டு. வேர் ஆழமாகப் போன செடிக்குத்தான் அந்தத் தாங்குசக்தி. முதல் ஆண்டில், அதுவும் தொட்டியில், மண் காய்ந்ததும் நிறைய ஊற்றி, மறுபடி காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பது இரண்டும் கெட்டான் வேலை.

"பூக்கவில்லை என்றால் உரம் போதவில்லை." இல்லை. தழைச்சத்து மிகுந்தால் இலையும் தண்டும் மெத்தென்று வளர்ந்து சரியும், பூ குறையும். பஞ்சகவ்யத்தையும் கடலைப்பிண்ணாக்குக் கரைசலையும் ரோஜாவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். லாவெண்டர் வறிய மண்ணில் பிறந்த செடி.

பூக்காததற்கு வேறு காரணம் இருக்கிறது. அங்குஸ்டிஃபோலியா நன்றாகப் பூக்கக் குளிர்கால உறக்கமும், பிறகு நீண்ட பகலும் தேவை. பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதியில் ஜூன் மாதப் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. சென்னையின் மிக நீண்ட பகலே சுமார் 13 மணி நேரம்தான். மே மாத இரவிலோ வெப்பம் 28 டிகிரிக்கு அருகில் நிற்கிறது. "லாவெண்டர் என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்று வாங்குவதால் வரும் ஏமாற்றம் இது. இந்தப் பேரினத்தில் 40-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தக்காணத்தின் சொந்தச் செடியான லாவண்டுலா பைபின்னாட்டாகூட அவற்றில் ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சமவெளியில் வளர்ப்பவர்கள், இலையோரம் பல்பல்லாக இருக்கும் டென்டாட்டாவையோ, பெரணிபோல் பிரிந்த இலையுள்ள மல்டிஃபிடாவையோ கேட்டு வாங்குவது நல்லது. பூக்க இவற்றுக்குக் குளிர் உறக்கம் தேவையில்லை, வெயிலையும் கூடுதலாகப் பொறுக்கும். மணம் மட்டும் அங்குஸ்டிஃபோலியாவின் மென்மையான மணமாக இருக்காது, டென்டாட்டாவில் கொஞ்சம் கற்பூர நெடியும் இருக்கும். அதைச் சொல்லாமல் விற்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

"ஊட்டியில் வைத்தால் தானாக வரும்" என்பதில் பாதி உண்மை. 2,200 மீட்டருக்கு மேல் உள்ள அந்த ஊரின் குளிர் இதற்குப் பிடிக்கும். ஆனால் நீலகிரியின் மண் அமிலத்தன்மை கொண்டது. தேயிலைக்கு உகந்தது, சுண்ணாம்பு நிலத்தில் பிறந்த லாவெண்டருக்கு அல்ல. மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு சேர்த்து, கார அமில அளவை 6.5-க்கு மேல் கொண்டுவர வேண்டும். தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் நிற்காமல் பெய்யும் என்பதால், உயரமான மேட்டுப்பாத்தியில் இடைவெளி விட்டு நட வேண்டும். நம் நாட்டில் லாவெண்டர் பெரிய அளவில் நிலைத்திருப்பது ஜம்முவின் தோடா மாவட்டத்துப் பதர்வா பள்ளத்தாக்கில். அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் நறுமணப் பயிர்த் திட்டத்தில் சேர்ந்து, மக்காச்சோளம் போட்டுவந்த உழவர்கள் பலர் அங்கே இதற்கு மாறினார்கள். அந்த மலைச்சரிவுகளில் குளிர்காலத்தில் பனி விழுகிறது. வெறும் குளுமை வேறு, அந்தக் குளிர்கால உறக்கம் வேறு.

"விதை போட்டு வளர்ப்பதுதான் சிக்கனம்." இணையக் கடைகளில் நீலம், சிவப்பு, வானவில் நிற லாவெண்டர் விதை என்று விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள், வானவில் நிறத்தில் லாவெண்டர் கிடையாது. பிரான்சின் புகழ்பெற்ற ஊதா வயல்களில் பெரும்பகுதி லாவண்டின் என்ற கலப்பினம். அது மலடு, விதையே வைக்காது. குச்சி வெட்டித்தான் பெருக்க முடியும். ஆகவே 'க்ரோஸோ' போன்ற லாவண்டின் ரகத்தின் பெயரில் விதை விற்றால் அது பொய் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். அங்குஸ்டிஃபோலியாவின் உண்மையான விதைக்கும் பொறுமை வேண்டும். ஈர மணலில் கலந்து மூன்று நான்கு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு மேலாகத் தூவினால் முளைக்கும். ஆனால் தாய்ச்செடியைப் போலவே எல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. பூக்காத இளந்தண்டை நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டி, கீழிலைகளை உருவிவிட்டு மணலில் ஊன்றுவது எவ்வளவோ மேல்.

"செடி வைத்தால் கொசு வராது" என்பது வெறும் ஆசை. எண்ணெய் இலையிலும் புல்லிவட்டத்திலும் உள்ள நுண்சுரப்பிகளுக்குள் அடைபட்டிருக்கிறது. தேய்த்தால்தான் மணமே வெளிவரும். டெங்கு காலத்தில் தொட்டிச் செடியை நம்பிக் கொசுவலையைக் கைவிடக் கூடாது.

"அடியோடு வெட்டினால் புதிதாகத் துளிர்க்கும்." செம்பருத்தி துளிர்க்கும், லாவெண்டர் துளிர்க்காது. பழுப்பேறிய கட்டைத் தண்டிலிருந்து அதற்குப் புதுத்துளிர் வருவது அரிது. பூ முடிந்ததும் பச்சைப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கவாத்து செய்து, வெட்டுக்குக் கீழே சில இலைகளாவது இருக்கும்படி விட வேண்டும். ஆண்டுதோறும் இதைச் செய்யாத செடி நடுவில் வெறிச்சிட்டுப் பிளந்து விழும்.

சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. மழை ஓய்ந்து டிசம்பர் இறுதியில் செடி வாங்குங்கள். மார்ச் வரை முழு வெயிலில் வையுங்கள், ஏப்ரலிலிருந்து பிற்பகல் நிழலுக்கு மாற்றுங்கள். செடிகளுக்கிடையே காற்று புகுந்து வர ஒரு முழமாவது இடம் விடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மழைச்சாரல் படாத வெளிச்சமான தாழ்வாரத்துக்குத் தொட்டியைக் கொண்டுபோய்விடுங்கள். பிப்ரவரியிலேயே நாலைந்து குச்சிகளை ஊன்றி வைத்திருந்தால், தாய்ச்செடி கோடையைத் தாண்டாவிட்டாலும் கன்றுகளில் ஒன்றிரண்டு கையில் இருக்கும். ஓசூர், கோவை, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை. அங்கே வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.