ஆசை உண்டு... காதல் இல்லை!

‘உடம்புக்கு ஆசை வருது. ஆனா, யார் மேலயும் காதல் மட்டும் வரலையே... நான் என்ன கல்நெஞ்சமா?’ என்று உள்ளுக்குள் புழுங்குபவரா நீங்கள்? கவலையை விடுங்கள். இது நோயும் அல்ல, வக்கிரமும் அல்ல.

காதலும் காமமும் சேர்ந்தேதான் வரும் என்று நினைக்கிறோம். ஆனால், காதல் மயக்கத்தையே அனுபவித்திராதவர்களும் உண்டு என்று 1979-ல் வெளிவந்த தன் நூலில் எழுதினார், அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னாவ். மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரோ உடல் இச்சை, காதல், பந்தம் மூன்றையும் மூளையின் தனித்தனி இயக்கங்களாகவே பிரித்துக் காட்டினார்.

காதல் உணர்வு எழாதவர்களை இன்று ‘ஏரோமான்டிக்’ என்கிறார்கள். இவர்களில் பலருக்கு உடல் ஆசை இயல்பாகவே இருக்கும். பாசம், நட்பு, பொறுப்பு எல்லாமும் உண்டு.

அப்படியானால் சிக்கல் எங்கே? துணை காதலை எதிர்பார்க்கும்போதுதான். ‘கல்யாணமானா தானா வந்துடும்’ என்பார்கள் பெரியவர்கள். வராவிட்டால்? காயப்படுவது இரண்டு பேர். அதனால், ஆசைக்காக ‘ஐ லவ் யூ’ சொல்லாதீர்கள். உள்ளதை முன்பே மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை.

மனசு ரொம்பவே வேதனைப்பட்டால், மனநல ஆலோசகரைப் பாருங்கள். காதலை வரவழைக்க அல்ல. குற்ற உணர்வை இறக்கிவைக்க!