சவரக்கத்திக்கு முதல் கல்

கரமனையில் என் வீட்டுத் திண்ணைக்குச் சவரக்கத்தியோடு வருகிற பையன்களில் பலர், கத்தியைவிடப் பல மடங்கு விலையுள்ள கல்லையும் கூடவே கொண்டுவருகிறார்கள். பிளேடு மாட்டுகிற கத்தியைச் சொல்லவில்லை. பிடிக்குள் மடக்கி வைக்கிற, தீட்டித் தீட்டியே பயன்படுத்த வேண்டிய பழைய கத்தி. தாத்தா விட்டுப்போன ஜோலிங்கன் கத்தியாக இருக்கும், இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கிய பழையதாக இருக்கும். அண்மையில் வந்த ஒருவனுடைய கல், ஜப்பானில் கியோத்தோ பக்கத்து மலையில் வெட்டியெடுத்தது. துபாயில் இருக்கும் அப்பா, “வாங்குறதுன்னா உசந்ததா வாங்கு” என்று பணம் அனுப்பியிருக்கிறார். கத்தியின் விளிம்பிலோ கண்ணுக்கே தெரிகிற அளவுக்குப் பல் விழுந்திருக்கிறது. “டெய்லி ஒரு மணி நேரம் தேய்க்கிறேன் சார், முடியைப் பிடிச்சு இழுக்குது” என்றான். இழுக்காமல் என்ன செய்யும்? கடைசி மெருகுக்கான கல்லை வைத்துக்கொண்டு முதல் கட்ட வேலையைச் செய்யப் பார்த்தால், ஆண்டு முழுக்கத் தேய்த்தாலும் பல் போகாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி தேடுகிற அதே மனசோடு அப்பாக்கள் கல்லும் தேடுகிறார்கள்: பெயர் பெரியதா, பக்கத்து வீட்டான் கேள்விப்பட்டிருக்கிறானா என்பதே கணக்கு. பிள்ளைகள் அப்பாவைக் கேட்காவிட்டால் இன்ஸ்டாகிராமைக் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கடையில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் ஒரு காரணம். எய்ட்ஸ் பற்றிய பயம் பரவிய பிறகு சலூன்களில் தீட்டுகிற கத்தி போய்ப் பாதி பிளேடு வந்தது. அது நல்லதற்குத்தான். ஆனால் அதோடு கல்லும் தோல்வாரும் கடையைவிட்டுப் போயின. இன்றைக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும் சலூன்காரர் பலர் கல்லில் கத்தி வைத்ததே கிடையாது.

சரி, எதை வாங்குவது? 1000, 4000, 8000 என்ற வரிசை உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். ஜப்பான் தர அளவுப்படி 1000 எண் கல்லில் இருக்கும் மணிகள் சராசரியாக 11.5 மைக்ரான், 4000-இல் 3 மைக்ரான், 8000-இல் 1.2 மைக்ரான். 1000 கல் விளிம்பை உண்டாக்குகிறது. 4000 அதன் கீறல்களை அழிக்கிறது. 8000 கன்னத்துக்கு ஏற்றதாக ஆக்குகிறது. ஜப்பானின் அந்த அட்டவணை 8000-த்தோடு நிற்கிறது. அதற்கு மேலே 12000, 30000 என்று பெட்டியில் போட்டிருப்பது அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு. நல்ல கம்பெனியின் கணக்கை நம்பலாம். பெயரே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டியில் 10000 என்று அச்சடித்து மலிவாக விற்பதை நம்ப வேண்டாம்.

ஷாப்டன், நானிவா, கிங், நார்ட்டன் எல்லாமே வேலை செய்யும். அவற்றுக்குள் எது உசத்தி என்று சண்டை போடுவதற்கு எனக்கு நேரமில்லை. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கிங் 1000, நார்ட்டன் போன்றவை தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்துகிற கற்கள். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் ஊறிய கல் காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். மேலே தண்ணீர் தெளித்தாலே போதும் என்கிற ஷாப்டன், நானிவா வகை நம் ஊருக்குத் தோது. இவற்றை ஊறப்போடக் கூடாது, போட்டால் வெடிக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சாலைக் கம்போளத்தில், ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது உண்டாக்கிய அந்தத் தெருவில், இரும்புக் கடைக்குப் போய்ச் சாணைக்கல் கேட்டால் கறுப்பாக ஒன்றை எடுத்துத் தருவார்கள். ஒரு பக்கம் முரடு, மறு பக்கம் சற்று வழவழப்பு. அது கார்போரண்டம், அதாவது சிலிக்கன் கார்பைடு. அமெரிக்காவில் அச்செசன் என்பவர் 1893-இல் காப்புரிமை வாங்கிய பொருள். மணலையும் கரியையும் மின் உலையில் 2000 டிகிரிக்கு மேல் வேகவைத்துச் செய்வது. மின்சாரத்தைக் குடிக்கிற தொழில். 1954-இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், பத்தனம்திட்டை மாவட்டத்து மணியாறில் 12 மெகாவாட் நீர்மின் நிலையமே கட்டிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் உளிக்கும் அதைவிடக் கை கொடுக்கிற கல் கிடையாது. சவரக்கத்தியை அதில் வைத்தால், வழவழப்பான பக்கத்தில் வைத்தாலும், மயிரிழைபோல மெலிந்த விளிம்பு பிய்ந்துபோகும். ஊர்க்கல் என்ற பாசம் இங்கே உதவாது.

இனி, அந்தக் கியோத்தோக் கல். அது மோசமான கல் என்று யாரும் சொல்ல முடியாது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகளும், காற்றில் பறந்து வந்த தூசும் படிந்து இறுகிய பாறை. நாகாயாமா, ஓசுகு என்று சுரங்கங்களின் பெயரைச் சொல்லும்போதே பையன்களின் குரல் தணிந்துவிடுகிறது. அந்தச் சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடியாயிற்று. இன்று கைமாறுவது பழைய இருப்பு. பழைய இருப்பென்றால் முத்திரை, முத்திரையென்றால் விலை. கல்லின் முதுகில் மை முத்திரை ஒன்றைப் புதிதாகக் குத்துவது அப்படி ஒன்றும் அரிய கலை இல்லை.

முத்திரை உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் கதை தீராது. ஆலையில் செய்த 8000 கல் ஒன்றும் இன்னொன்றும் ஒரேமாதிரி இருக்கும். இயற்கைக் கல்லில் ஒரே சுரங்கத்தின் ஒரே அடுக்கில் வெட்டிய இரண்டு துண்டுகள்கூட ஒத்துப்போகாது. ஒன்று கண்ணாடிபோல் கடினமாக இருக்கும், மற்றது சேறு விடும். ஒன்றில் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும். கண்ணுக்கு அழகு, விளிம்புக்கு எமன். விற்கிறவர் கடினத்துக்கு இத்தனை மதிப்பெண், நுண்மைக்கு இத்தனை என்று எழுதியிருப்பார். அந்தத் தேர்வுத்தாளைத் திருத்தியவரும் அவரேதான். கியோத்தோவிலேயே இருக்கிறவர் கடைக்குப் போய் நாலு கல்லில் கத்தியை இழுத்துப் பார்த்து ஒன்றை எடுப்பார். நாம் இங்கே கைபேசியில், தண்ணீர் தெளித்துப் பளபளக்க வைத்துப் பிடித்த படத்தைப் பார்த்து எடுக்கிறோம்.

வாங்கியாயிற்று என்றாலும் செலவு நிற்காது. அந்தக் கல்லை வெறும் தண்ணீரோடு உரசினால் கடினமானதில் எதுவும் நடக்காது. மேலே இன்னொரு சின்னக் கல்லைத் தேய்த்துக் குழம்பு எடுக்க வேண்டும். அதற்கு நாகுரா என்று பெயர். மிகாவா நாகுராவில் மட்டும் போட்டான், தென்ஜோ, மெஜிரோ, கோமா என்று முரட்டிலிருந்து நுண்மைக்குப் போகிற வரிசை உண்டு. ஒரு கல் வாங்கப் போனவன் ஐந்து கல்லோடு நிற்பான். கல்லின் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கினால் அடுக்கு அடுக்காகப் பிரியக்கூடும் என்பதால் ஓரங்களுக்கு மெருகெண்ணெய் பூச வேண்டும். ஜப்பானில் பலர் அதற்குப் பூசுவது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் செய்த ‘கஷூ’ என்ற மெருகெண்ணெய். கொல்லத்தில் நாம் மலையாகக் குவித்து உடைக்கிற அதே முந்திரிதான்!

இத்தனையும் செய்தபின் என்ன கிடைக்கிறது? 8000-த்தில் முடித்த கத்தியைத் தோல்வாரில் நன்றாக ஏற்றினால் கிடைப்பதைவிடச் சற்றே மிருதுவான ஒரு விளிம்பு. அந்த வித்தியாசம் உண்மைதான். நூறு கத்திகளைத் தீட்டியவனுடைய கன்னம் அதை அறியும். முதல் கத்தியையே இன்னும் சரிசெய்யாதவனுக்கு அது தெரிய வழியில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கல்லை வைத்து வித்தை காட்டுகிற ஜப்பான்காரர்களில் பெரும்பாலோர் விளிம்பை உண்டாக்கும் முதல் வேலையை ஆலைக் கல்லில்தான் முடித்துக்கொள்கிறார்கள். படத்தில் அந்தப் பகுதி வருவதில்லை.

இப்படிப் பேசுவதில் என் சாய்வு இருக்கிறது. ஃபிட்டர் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவன் நான். அளக்க முடியாத பொருளைக் கையில் கொடுத்தால் கை கூசும். எண் போட்ட கல்லில் தப்பு வந்தால் அது கையின் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். எண் இல்லாத கல்லில் தப்பு கல்லுடையதா கையுடையதா என்பது யாருக்கும் தெரியாது. கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இருக்க முடியாது.

பெல்ஜியத்து மஞ்சள் கல், கோட்டிக்கூல், பற்றி இவ்வளவு கடுமையாக எனக்குச் சொல்ல வராது. ஆர்டென் மலைப் பகுதியில் மெல்லிய நரம்பாக ஓடுவதை வெட்டி, கீழே இன்னொரு கல்லைத் தாங்கலாக ஒட்டி விற்கிறார்கள். உள்ளே இருக்கும் கார்னெட் மணிகளால் குழம்பு கெட்டியாக இருக்கும்போது வேகமாக வெட்டும், தண்ணீர் விட்டு நீர்க்க நீர்க்க மென்மையாகும். ஒரே கல்லில் தொடங்கி முடிக்கலாம் என்பார்கள். முடிகிறவர்களுக்கு முடியும். இரண்டாம் வருடம் ஆசைப்படுங்கள்.

பணம் நெருக்கடியென்றால் கல்லே வேண்டாம். 12, 9, 3, 1 மைக்ரான், கடைசியில் 0.3 என்று மெருகுத்தாள்கள் கிடைக்கின்றன. கண்ணாடித் தட்டில் தண்ணீரை வைத்து ஒட்டித் தீட்டலாம். விளிம்பு பிரமாதமாக வரும். தாள் தீர்ந்தால் மறுபடி வாங்க வேண்டும், அவ்வளவுதான். பையன்கள் இதை வாங்க மறுப்பதற்கு ஒரே காரணம், படம் எடுத்துப் போட்டால் அழகாக இருக்காது என்பது.

ஆக முதல் பணம் 1000-க்கு. அதில் ஒரு மாதம் போகட்டும். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்தாலே கோணம் தானாக அமையும்படிதான் இந்தக் கத்தியைச் செய்திருக்கிறார்கள். ஆகவே கோணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கவலையெல்லாம் அழுத்தத்தைப் பற்றியே. பெர்மனென்ட் மார்க்கரால் விளிம்புச் சரிவில் மை பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. பட்டறையில் நாங்கள் பிரஷ்யன் ப்ளூ தடவிப் பார்ப்பதும் இதற்குத்தான். விளிம்பு முழுக்க மை போன பிறகும் கையை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே இருக்கிற பொறுமை சில பிள்ளைகளுக்கு முதல் நாளே இருக்கிறது. சிலருக்கு இரண்டு மாதம் ஆகிறது. ஃபிட்டர் பிரிவிலும் இப்படித்தான். இரும்புத் துண்டைச் சமதளமாக ராவு என்று கொடுத்தால், பெரிய படிப்பு வேண்டாம் என்று வந்த பையன் முகம் சுளிப்பான். வேறு வழியில்லாமல் வந்த பையன் உட்கார்ந்து ராவுவான். அரம் யார் கைக்குப் பழகும் என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்து என்னால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. அப்பாக்கள் பையனுடைய கை எதில் தானாக அடங்கி உட்காருகிறது என்று கொஞ்ச நாள் பார்க்கட்டும், அதற்கப்புறம் பணம் அனுப்பட்டும். கை உட்காரவே இல்லையென்றால் சேஃப்டி ரேசரில் சிரைத்துக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நானே பாதி நாள் அதில்தான்.

கல்லோடு சேர்த்து வாங்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்டுத்துண்டு கேளுங்கள், மலிவாகத் தருவார்கள். அதன்மேல் 400 எண் வாட்டர் பேப்பரை விரித்து, கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லா இடத்திலும் மறையும்வரை தேயுங்கள். புதுக் கல்லும் பெட்டியிலிருந்து நேராகச் சமதளமாக வருவதில்லை. நடுவில் குழிந்த கல் விளிம்பின் இரண்டு முனைகளையும் தின்றுவிடும். கல்லைக் குளியலறையில் வைக்காதீர்கள், காற்றோட்டமான அலமாரியில் நிறுத்தி வையுங்கள். கத்தியைத் துடைத்து ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் தடவி வைத்தால் மழைக்காலத்திலும் துரு அண்டாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து நாறும். கமேலியா எண்ணெய் என்று ஜப்பான் சீசா ஒன்றையும் உங்களிடம் விற்கப் பார்ப்பார்கள். அந்தக் காசை 4000 கல்லுக்கு எடுத்துவையுங்கள்.