பள்ளியின் செய்தி வீட்டுக்குப் போகும் வழி

பெற்றோரைப் பள்ளியோடு சேர்க்கும் வேலை கூட்டத்தில் தொடங்குவதில்லை, செய்தியில் தொடங்குகிறது. வகுப்பில் என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒரு தாய் கூட்டத்துக்கு வந்தாலும், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பிள்ளை தப்புச் செய்தபோது மட்டும் ஆள் அனுப்பும் பள்ளியைக் கண்டு பெற்றோர் ஒதுங்குவதில் வியப்பில்லை.

சட்டத்தில் இடம் தாராளமாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கச் சொல்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. 2024 மறுகட்டமைப்பில் குழு 24 பேராகி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தப் பெற்றோருக்குத் தேவைப்படுவது விவரம்.

ஆனால் கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள எளாவூர் வட்டாரத்தில் வீட்டின் நாள் பள்ளி மணியைப் பார்த்து நடப்பதில்லை. பழவேற்காடு ஏரியில் இரவெல்லாம் வலை போட்டவர் பகலில் தூங்குவார். அந்நேரம் வீட்டுப் பெண்கள் மீன் கூடையோடு சந்தையில் இருப்பார்கள். வேறு பலருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட். கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களில் சில செங்கல் சூளைக்குப் போனால் மாதக்கணக்கில் ஊரில் இருப்பதில்லை. காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கான சுற்றறிக்கை இவர்களில் யாருக்கும் எட்டாது. ஆந்திர எல்லை அருகில் என்பதால் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, இரண்டு மொழியிலும் சொன்ன ஒரு நிமிடக் குரல் பதிவே கடிதம்.

ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் செய்தி பரவும் இடம் முன்பே இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதை முறைவைத்துப் பிரிக்கும் பாடு முறை, ஊர்க்கூட்டத்தின் பலத்தில் நிற்பது. அங்கே அனுமதி கேட்டுப் பத்து நிமிடம் பேசும் ஆசிரியரின் சொல் ஊரெங்கும் சேரும். ஆனால் பாடு உரிமை ஆண்களின் வழியே வருவது. அந்தக் கூட்டத்தில் தாய்மார் குரல் கேட்காது. பெண்களைத் தேடி மகளிர் சுயஉதவிக் குழுக்கூட்டத்துக்குத் தனியே போயாக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்று ஏட்டில் காட்டுவது வெறும் கணக்கு.

எல்லாவற்றிலும் வலுவானது பிள்ளைகளின் எழுத்து. மாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை போதும். அது தலைமையாசிரியர் அறையில் தொங்கக் கூடாது. ரேஷன் கடையிலும், டீக்கடையிலும், மீன் ஏலம் போடும் இடத்திலும் தொங்க வேண்டும். முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்கு என்ன ஆகும், எந்த மாதத்தில் எந்த இறால் கிடைக்கும், பாட்டி கருவாடு போடும் பக்குவம் என்ன என்று பிள்ளை வீட்டில் கேட்டு எழுதும்போது, அல்ஜீப்ரா சொல்லித்தர முடியாத அப்பா வலையைப் பற்றிச் சொல்லித்தருவார். பிழை இருந்தால் திருத்தவும் வருவார். ஊர்ச் சொற்களை அழித்துவிட்டு ஆசிரியர் தம் பாடநூல் தமிழை ஏற்றினால் இந்த உறவு அங்கேயே அறுந்துபோகும்.

பிரான்சில் செலஸ்தின் பிரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களில் வகுப்பறைக்குள்ளேயே சிறு அச்சுப்பொறி வைத்து, மாணவர் எழுதியதை அச்சிட்டு, தொலைவிலுள்ள பள்ளியோடு இதழ் பரிமாறிக்கொண்டார். அதேபோல் எளாவூர்ப் பள்ளி தன் இதழைச் சுண்ணாம்புக்குளம் பள்ளிக்கு அனுப்பிப் பதில் இதழ் பெறலாம். பள்ளிக் கல்வித்துறையின் ‘தேன்சிட்டு’ இதழுக்கும் நல்லவற்றை அனுப்பலாம்.

பத்திரிகையின் அடியில் பெற்றோர் கேள்விக்கு இடம் விட வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று ஒருவர் கேட்டால், அடுத்த இதழில் பதில் வர வேண்டும். பதில் வராத கேள்வி இரண்டு சேர்ந்தால் மூன்றாவது வராது.

மதிப்பெண், சாதி, நோய், வீட்டுக் கஷ்டம் இவை எதுவும் சுவரிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஏறக் கூடாது. பிள்ளைகளுக்கு மன உளைச்சல் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. படம் போடுமுன் அம்மாவைக் கேட்பது மரியாதையும்கூட.

ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒருமுறையாவது அந்தச் சுவரில் வந்திருக்க வேண்டும். சூளைக்குப் போய்த் திரும்பும் பிள்ளையின் பெயர் முதல் இதழிலேயே வரட்டும்.