பரணில் கிடக்கும் பழைய கார்டுகள்: விலை அறியும் வழி

டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு கார்டு. ஹல்க் ஹோகனும் அண்டர்டேக்கரும் இருக்கும் மல்யுத்த ட்ரம்ப் கார்டு, 'பிக் ஃபன்' பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் படம், சிப்ஸ் பாக்கெட்டில் கிடைத்த டேசோ, போகிமான் கார்டு. 1980, 90-களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றில் ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வீடுகளும் அப்படித்தான்.

'இதெல்லாம் லட்சக்கணக்கில் போகும்' என்று யூடியூபில் ஒருவர் சொல்வார். 'எடைக்குப் போடு' என்று வீட்டில் ஒருவர் சொல்வார். இரண்டையும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். கார்டின் மதிப்பை நீங்களே கணிக்கலாம். ஒரு செல்போனும், ஒரு அடிக்கோலும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

1. முதலில் கை வைக்காதீர்கள்

ஈரத்துணியால் துடைப்பது, கிழிசலில் செலோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது ஆகிய மூன்றும் கார்டின் விலையைக் கொன்றுவிடும். தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும். ரப்பர் பேண்டை உடனே கழற்றுங்கள். அது ஓரத்தை அரிக்கும், வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும். நோட்டுப் புத்தகத்தில் கோந்து போட்டு ஒட்டிய கார்டுகளைப் பிய்க்காதீர்கள். அப்படியே படமெடுத்து வையுங்கள்.

2. வகை பிரியுங்கள்

ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக அடுக்குங்கள். ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு, ஆடிய போட்டி, வென்ற போட்டி, ரேங்க் என்று எண்கள் இருக்கும். பபிள்கம் படத்தில் ரன், விக்கெட் கணக்கு இருக்கும். அந்தப் படங்களைச் சேர்த்துக் கொடுத்தால் அப்போது பரிசு கிடைத்தது. ஐ.பி.எல். வந்த பிறகு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிரிக்கெட் அட்டாக்ஸ் இன்னொரு வகை.

தாத்தா காலத்துப் பெட்டி என்றால் சிகரெட் கார்டும் இருக்கலாம். வில்ஸ், பிளேயர்ஸ் போன்ற ஆங்கிலேய நிறுவனங்கள் சிகரெட் பெட்டிக்குள் வைத்த சிறிய படங்கள் அவை. இரண்டாம் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டால் 1940-இல் பிரிட்டனில் அவை நின்றுபோயின. ரஞ்சித்சிங்ஜி போன்ற இந்திய வீரர்கள் படமுள்ளவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். சிகரெட் கார்டு சேர்ப்பவர், கிரிக்கெட் பொருள் சேர்ப்பவர் என இரு பக்கமும் அவற்றைத் தேடுகிறார்கள்.

வகை பிரித்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ட்ரம்ப் கார்டில் இது மிக முக்கியம். பெட்டி, விதிமுறைச் சீட்டு, எல்லா கார்டும் சேர்ந்த முழு செட்டை வாங்கவே சேகரிப்பாளர்கள் முன்வருவார்கள். உதிரியாக இருந்தால் கேட்பாரற்றுக் கிடக்கும்.

3. காலத்தைக் கணியுங்கள்

நம் ஊர்க் கார்டுகளில் அச்சிட்ட ஆண்டு பெரும்பாலும் இருக்காது. ஆனால் பெட்டியிலும் கார்டின் பின்புறத்திலும் துப்பு இருக்கும்:

- மல்யுத்தக் கார்டில் 'டபிள்யூ.டபிள்யூ.எஃப்.' என்று இருந்தால் அது பழைய பெயர். உலக வனவிலங்கு நிதியத்துடனான வழக்கில் தோற்று, 2002 மே மாதம் அந்த நிறுவனம் 'டபிள்யூ.டபிள்யூ.இ.' ஆனது.
- முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அச்சானது.
- 'பம்பாய்' என்று இருந்தால் பெரும்பாலும் 1995-க்கு முன், 'மெட்ராஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன்.
- இப்போதுள்ள ரூபாய்க் குறியீடு இருந்தால் 2010-க்குப் பிறகு.

போகிமான் கார்டில் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆண்டு இருக்கும். ஜப்பானில் 1996-இல் தொடங்கிய இந்தக் கார்டுகள் ஆங்கிலத்தில் 1999-இல் வந்தன. கீழ் வலது மூலையில் 4/102 போன்ற எண்ணைப் பாருங்கள்: 102 கார்டு கொண்ட முதல் தொகுதியின் நான்காவது கார்டு, அதாவது சாரிசார்ட். எண்ணுக்குப் பக்கத்தில் வட்டம் இருந்தால் சாதாரணம், டைமண்ட் இருந்தால் ஓரளவு அரிது, நட்சத்திரம் இருந்தால் அரிது. படத்தின் இடது கீழ்ப்பக்கத்தில் '1' என்ற வட்ட முத்திரை இருந்தால் முதல் பதிப்பு. அப்படி ஒன்று கிடைத்தால் அதை உடனே பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

4. அசலா, நகலா?

2000-களில் நம் பக்கத்துக் கடைகளில் விற்ற போகிமான் கார்டுகளில் பெரும்பகுதி உரிமம் இல்லாமல் அச்சடித்தவை. அசல் கார்டு 6.3 செ.மீ. அகலம், 8.8 செ.மீ. உயரம். அதன் அட்டையின் நடுவே கறுப்பான ஒரு படலம் உண்டு. பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் வெளிச்சம் எளிதில் ஊடுருவாது. நகலில் பளீரென்று தெரியும். எழுத்துப்பிழை, மங்கிய நீலப் பின்புறம், மெலிந்த அட்டை ஆகியவையும் நகலின் அடையாளம். நகலுக்கு விலை கிடையாது. அதை அசல் என்று சொல்லி விற்பது மோசடி.

5. நிலையைப் பாருங்கள்

ஒரே கார்டுக்கு இரண்டு விலை வருவது இங்கேதான். மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்ற நான்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 1991-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் இதே நான்கைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது.

1952-இல் டாப்ஸ் வெளியிட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு விற்றது. எழுபது ஆண்டு கழித்தும் புதிதுபோல் இருந்ததற்கான விலை அது. மூலை தேய்ந்து மடங்கிய அதே கார்டுக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. உங்கள் கார்டுக்கு மதிப்பெண் போடும்போது கண்டிப்பாகவே இருங்கள். வாங்குபவர் உங்களைவிடக் கண்டிப்பாக இருப்பார்.

6. விற்ற விலையைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: கேட்கும் விலை மதிப்பு ஆகாது. ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய விலைதான் மதிப்பு. ஓ.எல்.எக்ஸ்-இல் யார் வேண்டுமானாலும் ஐம்பதாயிரம் என்று போடலாம்.

ஈபே தளத்தில் கார்டின் பெயர், எண், ஆண்டு ஆகியவற்றைத் தட்டி, 'விற்றவை மட்டும்' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கார்டின் நிலையிலேயே உள்ள ஐந்தாறு விற்பனைகளைக் குறியுங்கள். உதாரணமாக 300, 350, 400, 420, 2,000 ரூபாய் என்று வந்தால் நடுவில் உள்ள 400-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 2,000 விதிவிலக்கு. வெளிநாட்டு விலையாக இருந்தால் அஞ்சல் செலவையும் தளத்தின் கமிஷனையும் கழித்துப் பாருங்கள்.

இந்திய ட்ரம்ப் கார்டுக்கும் பபிள்கம் படத்துக்கும் இப்படித் தேடும்போது விற்பனை அதிகம் தென்படாது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் உள்ள இந்தியச் சேகரிப்பாளர்களின் பக்கங்களில் 'விற்றாயிற்று' என்று போட்ட பதிவுகளைப் பாருங்கள். ஒரே செட்டுக்கு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

7. நேரில் காட்டுங்கள்

திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் போனால் சென்னையில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் நிலையத்தில் இறங்குவீர்கள். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தக வியாபாரம் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறியது. அங்கே கேட்டுப் பார்க்கலாம். மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகள் நடத்தும் நாணயக் கண்காட்சிகளுக்கு வருபவர்களில் பழைய காகிதப் பொருள்களை வாங்கி விற்பவர்களும் உண்டு. வியாபாரி லாபம் வைத்துத்தான் வாங்குவார். நீங்கள் கண்ட விலையில் பாதி சொன்னால் கோபப்பட வேண்டாம். முழுக் கட்டையும் ஒரே விலைக்குக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். நல்ல கார்டு அந்தக் கட்டுக்குள்தான் இருக்கும்.

அமெரிக்காவுக்கு அனுப்பி மதிப்பெண் வாங்குவது, கார்டின் விலை அந்தச் செலவைப் போலப் பல மடங்கு இருந்தால் மட்டுமே பொருந்தும்.

8. பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்

பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. கார்டிலும் அதே வேலை நடக்கலாம். 'பத்து லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்றால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். பணம் பெற யு.பி.ஐ. பின் எண்ணைத் தட்ட வேண்டியதே இல்லை. தட்டச் சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் விடை சில நூறு ரூபாய்தான். அதற்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க பேஸ்பால் கார்டுக்கு பெக்கெட் போன்ற விலைக் கையேடு உண்டு. நம் பெட்டிக்கடைக் கார்டுகளுக்கு அப்படி ஒன்று இல்லை. எந்த ஆண்டு, எந்தக் கடை, என்ன விலை என்பது வாங்கியவர் நினைவில்தான் இருக்கிறது. கார்டுகளை உறையில் போட்டு, அந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். இன்று விற்றாலும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் அந்தத் தாள் கார்டோடு போகட்டும்.